மாட வீதியில் பனி கொட்டிய காலம்

மயிலாப்பூர்த் தெருக்களைப் பற்றி முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தபோது ஒரு கல்லூரி மாணவி எனக்கு உதவிக்கு இருந்தாள். ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதித் தருவது அவள் வேலை. ஒருநாள் அவள் அனுப்பிய தாளில் ஒரு வரியைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தக் காலத்தில் மார்கழி மாதம் தெற்கு மாட வீதியில் ஸ்நோ விழும் என்று எழுதியிருந்தாள். பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். அதில் பேசிய பாட்டி சொன்னது இவ்வளவுதான்: “மார்கழின்னா பனி கொட்டும். எதிர்ல வர்ற ஆள் தெரியாது.”

அவளைக் குறை சொல்ல முடியாது. பனிப்பொழிவு, பனிச்சறுக்கு, பனிக்கரடி என்று படித்து வளர்ந்தவர்களுக்குப் பனி வெள்ளையாகத்தான் விழும். அந்தப் பாட்டி காலத்துப் பனி வேறு. அது புல் நுனியில் நிற்கும், வைக்கோல் போரை நனைக்கும், உச்சந்தலையில் இறங்கி மூன்றாம் நாள் சளியாக வெளிவரும். முன்பனி, பின்பனி என்று ஆண்டில் நான்கு மாதத்தையே அதற்கு எழுதிவைத்த மொழி இது. வெளிநாட்டு வெள்ளைப் பனியைப் பற்றிப் பேச வேண்டி வந்தபோது புதுச்சொல் தேடாமல் இருந்த சொல்லையே நீட்டிக்கொண்டோம். அதன் விலை இந்த மாதிரி ஒரு வரி.

சிரித்து முடித்த பிறகுதான் உறுத்தியது. பாட்டி மட்டுமா சொன்னார்? வடக்கு மாட வீதிக்காரர், சித்திரைக்குளம் பக்கத்தில் வளர்ந்த இரண்டு சகோதரிகள், கச்சேரி சாலையில் கடை வைத்திருந்தவர் என்று எல்லோரும் ஏறக்குறைய அதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தார்கள். பனி கொட்டும், ஆள் தெரியாது, பல் கிட்டும். இப்போதெல்லாம் எங்கே குளிர்கிறது என்ற பெருமூச்சும் எல்லோரிடமும் இருந்தது. ஒருவர் சொன்னால் ஞாபகம். பத்துப் பேர் ஒரே வாய்பாட்டில் சொன்னால் அதை விசாரிக்க வேண்டும்.

முதலில் வழியில் கிடந்த ஒரு முள்ளை எடுத்துப் போட வேண்டியிருந்தது. 1815 ஏப்ரல் கடைசியில் சென்னையில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போனது, ஊரில் பனிமழை பெய்தது என்று ஒரு கதை பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த மாதம் 10ஆம் தேதி இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது உண்மை. மறு ஆண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கோடையே வராமல் போனதும் உண்மை. ஆனால் எரிமலைப் புழுதி உலகைக் குளிரவைக்க மாதங்கள் ஆகும். கடல் வெந்நீர்ப் பதத்தில் கிடக்கிற சித்திரை மாதத்தில், கடல் மட்டத்தில் இருக்கிற ஊரில், இரண்டே வாரத்தில் நீர் உறைந்தது என்றால் நம்புவதற்கு மனம் வரவில்லை. இன்னொன்றும் தோன்றியது. 1842ல் கடற்கரை ஓரம் ஐஸ் ஹவுஸ் கட்டி, அமெரிக்கக் குளங்களில் வெட்டியெடுத்த பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார் பாஸ்டன் வியாபாரி டியூடர். அதை இந்த ஊர் அதிசயமாகத்தான் வாங்கிப் பார்த்தது. 27 ஆண்டு முன்பு தெருவிலேயே அள்ளியிருந்தால் கிழவர்கள் சும்மா இருந்திருப்பார்களா? 1815ஐக் கட்டி ஓரமாக வைத்தேன்.

அடுத்து நேராக வெப்பமானியிடம் போனேன். இந்த விஷயத்தில் சென்னை கொடுத்துவைத்த ஊர். 1792ல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் இன்னும் வானிலை மையத்து வளாகத்தில் நிற்கிறது. 15 அடி உயரம், 10 டன் எடை. கட்டிய செய்தியைத் தமிழிலும் தெலுங்கிலும்கூட அதில் வெட்டிவைத்திருக்கிறார்கள். 1796லிருந்து அங்கே வானிலையைக் குறித்துவந்தார்கள். அங்கே வானியலாளர்களாக இருந்த கோல்டிங்காமும் டெய்லரும் 1822 முதல் 1843 வரை எடுத்த அளவுகள் 1844லேயே நூலாக அச்சாகிவிட்டன. திருமண ஓலையைக்கூடப் பத்திரப்படுத்தாத ஊரில் 200 ஆண்டு வெயில் கணக்கு பத்திரமாக இருக்கிறது.

அவர்கள் சொன்ன பல் கிட்டும் குளிர் இருந்தால் இங்கே சிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் நுங்கம்பாக்கத்தின் சராசரிக் குறைந்த வெப்பநிலை 21, 22 டிகிரி செல்சியஸ். டெல்லிக்காரர் விசிறி போட்டுத் தூங்கும் இரவு இது. நாம் மங்கி குல்லா போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிறோம்.

சரி, சராசரி ஆளை ஏமாற்றும், உச்சத்தைப் பார்ப்போம் என்று தேடினேன். சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. இரண்டு முறை அங்கே இறங்கியிருக்கிறது. 1895 டிசம்பர் 11 ஒருமுறை, 1905 ஜனவரி 29 ஒருமுறை. தேதிகளைக் குறித்துக்கொண்டு அன்றைக்கு மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். மார்கழிக் குளிருக்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைப்பு.

இரவு படுக்கப் போகும்போதுதான் பொறி தட்டியது. எழுந்து வந்து தமிழ்த் தேதியைக் கணக்குப் போட்டேன். 1895 டிசம்பர் 11 என்றால் மார்கழி பிறக்க இன்னும் இரண்டு மூன்று நாள் இருக்கிறது, அது கார்த்திகை. 1905 ஜனவரி 29 பொங்கல் முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆன தை. ஊரின் ஏடறிந்த இரண்டு கடுங்குளிர் நாட்களும் மார்கழியின் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தன, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். ‘மார்கழிக் குளிர்’ என்று நாம் சொல்லும் சொற்றொடருக்கு வெப்பமானி கையெழுத்துப் போட மறுத்துவிட்டது. உண்மையில் சென்னை சராசரியாக அதிகம் குளிர்வதும் ஜனவரியில்தான், அதில் பாதி தை. யாராவது ‘தைக் குளிர்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

மாதமே இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு கிளைவழியில் கொஞ்ச தூரம் போனேன். திருப்பாவையில் வெள்ளி எழுந்ததையும் வியாழன் மறைந்ததையும் ஆண்டாள் சொல்கிறாள் அல்லவா, அந்த வானக் குறிப்பை வைத்து மு. இராகவையங்கார் அவள் பாடிய நாளை கி.பி. 731 டிசம்பர் 18 என்று கணித்தார். அதை மறுத்து வேறு ஆண்டு சொன்னவர்களும் உண்டு. எனக்குத் தேவைப்பட்டது ஆண்டு இல்லை. நம் சூரிய மாதம் நட்சத்திரக் கணக்கில் ஓடுவதால் பருவத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 70 ஆண்டுக்கு ஒரு நாள் பின்தங்குகிறது. ஆண்டாள் காலத்து மார்கழி இன்றைய மார்கழியைவிட இரண்டரை வாரம் முன்னால், மழையின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும். திருப்பாவையில் மழைக்கு ஒரு தனிப்பாட்டு இருப்பது அப்போது கூடுதல் பொருத்தமாகத் தெரிந்தது. ஆக, மார்கழி காலப்போக்கில் குளிரை நோக்கித்தான் நகர்ந்திருக்கிறது, விலகி இல்லை. பாட்டியின் பெருமூச்சுக்கு இது நேர் எதிர்.

வெப்பமானி கைவிட்ட பிறகு ஞாபகங்களையே மறுபடி கேட்டேன், இம்முறை எதிர்க்கட்சி வக்கீலைப் போல. முதலில் சிக்கியது பாபநாசம் சிவன். பேசியவர்களில் பாதிப்பேர், விடியற்காலையில் அவர் பஜனைக் கோஷ்டிக்குப் பின்னால் நான்கு மாட வீதியும் நடந்த கதையைச் சொல்லியிருந்தார்கள். சிவன் மார்கழி பஜனை நடத்தியது ஊரறிந்த செய்தி, அந்தக் கோஷ்டி மரபு இன்றும் நிற்கவில்லை. ஆனால் அவர் 1973 அக்டோபரில் காலமானார். பதிவில் அவரோடு நடந்ததாகச் சொன்னவர்களில் ஒருவர் அப்போது தொட்டிலில் கிடந்திருக்க வேண்டிய வயதுக்காரர். பொய் சொல்லவில்லை அவர். பாட்டு என்னவென்று சொன்னார், யார் ஜால்ரா பிடித்தார்கள் என்று சொன்னார், கால் சில்லிட்டதைச் சொன்னார். அப்பா நடந்ததைக் கேட்டுக் கேட்டு மகனும் நடந்துவிட்டார்.

இதுதான் எனக்குக் கிடைத்த சாவி. ஒரு தெருவின் ஞாபகத்தில் பேசுகிறவர் வயதைக் கழிக்கக் கூடாது, அவருடைய அம்மாவின் வயதைக் கழிக்க வேண்டும். பாட்டி 1930களில் பிறந்தவர். அவர் சொன்னது அவருடைய அம்மா பார்த்ததாக இருந்தால் நான் தேட வேண்டிய மார்கழி 1900க்கும் 1920க்கும் நடுவில் இருக்கிறது. அப்போது மயிலாப்பூருக்கு மேற்கே என்ன இருந்தது?

பழைய சென்னை வரைபடங்களை விரித்தால் கண்ணில் அறைகிற மாதிரி ஒரு நீலம் கிடக்கிறது. நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் ஒன்றோடொன்று சேர்ந்து, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, வடக்கு தெற்காக நீண்டு கிடந்த நீர்ப்பரப்பு. வெள்ளைக்காரர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள், படகுப் போட்டி விட்டார்கள். ஊர் பெருத்து இடம் போதாமல் போனபோது 1923ல் மாம்பலம் குடியிருப்புத் திட்டம் தொடங்கியது. ஏரியைத் தூர்த்துத் தெரு போட்டார்கள். இன்று தீபாவளிக்குப் புடவை எடுக்க நாம் முட்டி மோதும் தியாகராய நகரில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரின் மேல் நிற்கிறது. சாட்சி வேண்டுமென்றால் நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, லேக் ஏரியா இருக்கிறது. ஏரி போனாலும் ஏரிக்கரைக்குக் கடிதம் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

மயிலாப்பூருக்குள்ளேயே பெயர்கள் பேசுகின்றன. 1516ல் போர்ச்சுகீசியர் கட்டிய லஸ் மாதா கோயிலைச் சுற்றுவட்டாரத்தில் காட்டுக் கோயில் என்பார்கள். சுற்றிலும் காடு. பக்கத்தில் மந்தைவெளி, மாட்டு மந்தைக்கு விட்ட வெளி. லஸ்ஸிலிருந்து ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை வரைக்கும் பெரிய பெரிய தோட்ட பங்களாக்கள். கோயில் குளத்தையும் சித்திரைக்குளத்தையும் சேர்த்துக்கொண்டால் மாட வீதி என்பது ஈரத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு திட்டு.

இனி காற்று. பகலில் சென்னைக்குக் கடற்காற்று. இரவு முழுதும் தரை ஆறிய பிறகு, குளிர்கால விடியலில், மெல்லிய தரைக்காற்று மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் கடலை நோக்கி ஊர்ந்து வரும். மயிலாப்பூருக்கு அந்தக் காற்று வந்த வழியில் அந்தக் காலத்தில் என்ன படுத்திருந்தது என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டோம். ஊரின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். மார்கழி பிறக்கும்போது ஏரி நிரம்பி, மண் ஊறி இருக்கும். வானம் வெளுத்து, காற்று அடங்கிய இரவில் தரை தன் சூட்டை விட்டுவிட, மேலே நிற்கும் ஈரக் காற்று பனியாகத் திரளும். அதற்கு 14 டிகிரி வேண்டாம், 20 டிகிரியே போதும். பல் கிட்டுமோ என்னவோ, எதிரே வருகிற ஆள் தெரியாமல் போக எல்லா ஏற்பாடும் இருந்திருக்கிறது.

ஏரி போய், தோட்டம் போய், ஈர மண்ணுக்கு மேல் தார் வந்த பிறகும் ஆள் தெரியாத விடியல் சென்னைக்கு வருகிறது. ஆண்டுக்கு ஒருநாள், போகிக்கு. மார்கழியின் கடைசி நாளில் டயரும் பாயும் எரிந்த புகை பனியோடு புணர்ந்து, 2018ல் விமானங்களையே இறங்க விடாமல் செய்தது. பாட்டியின் கொள்ளுப்பேத்தி நாளைக்கு “எதிர்ல வர்ற ஆள் தெரியாது” என்று சொன்னால் அவளுக்கு அது இருமலோடு சேர்ந்த ஞாபகமாக இருக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொரு சாத்தியத்தை மறைத்தால் நேர்மையில்லை. பாட்டி பதிவில் ஓரிடத்தில், அப்பா லாந்தரைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார் என்கிறார். முதல் மூன்று முறை கேட்டபோது அது என் காதில் விழவேயில்லை. பஜனைக்குப் போகிறவர் லாந்தரை ஏன் மூட வேண்டும்? 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வரப்போகிறான் என்று சென்னையே மூட்டை கட்டிக்கொண்டு கிராமங்களுக்கு ஓடியது. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று உண்மையிலேயே வந்து குண்டு போட்டது. அந்த ஆண்டுகளில் இரவில் விளக்குகளை மறைத்து ஊரை இருட்டாக்கி வைத்தார்கள். பாட்டிக்கு அப்போது எட்டோ பத்தோ வயது. மார்கழி நாலரை மணிக்கு மூடிய லாந்தரோடு தெற்கு மாட வீதியில் நடந்த சிறுமிக்கு எதிரே வந்த ஆள் தெரியாமல் போனதற்குப் பனி தேவையே இல்லை. என் கணிப்பு இது: பனி அம்மாவுடையது, இருட்டு மகளுடையது. இரண்டும் ஒரு வாக்கியத்தில் குடியேறிவிட்டன.

குளிர் மட்டும் பாக்கி இருந்தது. அதற்கு வழி காட்டியது 2,000 ஆண்டுப் பழைய சாட்சி. உ.வே. சாமிநாதையர் 1889ல் பதிப்பித்த பத்துப்பாட்டில் இருக்கிறது நெடுநல்வாடை, நக்கீரர் எழுதிய 188 அடி. மாடங்கள் உயர்ந்த ஒரு பழைய ஊரின் கூதிர்காலத் தெரு அதில் அப்படியே இருக்கிறது. ஆறு கிடந்தது போன்ற அகலத் தெருவில் கள் குடித்த முரட்டு ஆட்கள் தூறலைச் சட்டை செய்யாமல் திரிகிறார்கள். பொழுது இருண்டே கிடப்பதால் மாலை வந்ததைப் பிச்சி மொட்டு விரிவதைப் பார்த்துத்தான் பெண்கள் தெரிந்துகொள்கிறார்கள். கோடையில் கையைவிட்டு இறங்காத விசிறி சுருக்கப்பட்டு முளையில் தொங்குகிறது, அதில் சிலந்தி வலை பின்னிவிட்டது. குறுகிய வாய்க் கலத்துத் தண்ணீரை யாரும் தொடவில்லை, அகன்ற வாய்ச் சட்டியில் நெருப்பு எரிகிறது. தமிழில் குளிரைப் பற்றி இதைவிடக் கூர்மையான ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை. எவ்வளவு குளிர் என்று இதில் புலவர் அதிகம் சொல்லவில்லை. எதைச் செய்வதை நிறுத்தினார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்றே பெரிதும் சொல்கிறார்.

இந்தக் கண்ணோடு பதிவுகளை மறுபடி கேட்டேன். ஒருவர்கூட காற்று குளிர்ந்தது என்று சொல்லவில்லை. கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டதைச் சொன்னார்கள், ஈரத் தலையோடு ஓடியதைச் சொன்னார்கள். வாசல் தெளித்த தண்ணீர் காயவே காயாது, அதன் மேல் கோலம் போட்டுச் சாணி உருண்டையில் பூசணிப்பூ சொருகுவோம் என்றார்கள். கோயில் கல் பாவிய இடம் பாதத்தில் பிடுங்கும் என்றார்கள். சூடான வெண்பொங்கலைக் கையில் வாங்கியதை எல்லோரும் சொன்னார்கள், சிலர் அதை மட்டுமே சொன்னார்கள். நுங்கம்பாக்கத்து வெப்பமானி நிழல் பெட்டிக்குள், நெஞ்சு உயரத்தில், காய்ந்து தொங்குகிறது. தெளிவான இரவில் தரை மட்டத்தில் அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். வெறுங்காலும் ஈரத்தலையும் அறிந்த குளிரை அந்தப் பெட்டி எப்படிக் குறிக்கும்?

மார்கழியை மற்ற மாதங்களிலிருந்து பிரித்தது விடியலுக்கு முந்தைய அந்த நேரம்தான். தையிலும் ஊர் குளிரும், ஆனால் தையில் யாரும் நாலு மணிக்குக் குளிப்பதில்லை. மார்கழியில் சூரியன் ஆறரையை ஒட்டித்தான் எழும். அதற்கு இரண்டு மணி முன்னால் ஒரு தெரு முழுவதும் குழந்தை குட்டியோடு வெளியே வந்து நின்றது. பிறகு அரியக்குடி மெட்டமைத்த திருப்பாவையை எம்.எல். வசந்தகுமாரி பாடி, இசைத்தட்டு வழியே ஒலிபெருக்கிக்கு வந்தபோது, போர்வைக்குள்ளிருந்தே மார்கழியைக் கேட்க முடிந்தது. 1927 டிசம்பர் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி முளைத்த சங்கீத விழாவோ மாலைக்கும் குளிர்சாதன அரங்குக்கும் உரியது. குளிர் குறைந்த கதையில் இந்த இரண்டுக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு காரியம் செய்தேன். போன மார்கழியில் ஒருநாள் இரண்டு வெப்பமானிகளோடு தெற்கு மாட வீதிக்குப் போனேன். ஒன்றை ஒரு வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டி, இன்னொன்றைத் திண்ணைக் கல்லுக்குக் கீழே தரையில் வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தேன். நாலே முக்கால். தெருவிளக்கு பளீரென்று எரிந்தது. குளத்துக்கு அந்தக் கரையில் இருந்த பெயர்ப்பலகையைக்கூடப் படிக்க முடிந்தது. மருந்துக்குக்கூட மூட்டமில்லை. கதவு திறந்து ஒரு மாமி வாளியோடு வந்தார். தரையில் கிடந்த வெப்பமானியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன பண்றேள் இங்க?”

சொன்னேன்.

“செத்த நகந்துக்கோங்கோ, வாசல் தெளிக்கணும்” என்றார். நான் வெப்பமானியை எடுத்துக்கொண்டு நகர்ந்ததும் வீசித் தெளித்தார், பாதம் நனைந்தது. கோலப்பொடி கிண்ணத்தோடு குனிந்தவர் நிமிர்ந்து என் மொட்டைத் தலையைப் பார்த்தார்.

“தலைல ஒரு துண்டையாவது போட்டுக்கப்படாதோ? எப்படிப் பனி கொட்றது பாருங்கோ.”